அது என் கையிலிருந்து போகவில்லை

அந்த ஸ்கேன் சென்டரில் அவளுக்குப் பட்டப்பெயர் பெட்டகம். வைத்தவள் ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்த அவளுடைய நாத்தனார்தான். "எங்க அண்ணி காதுல ஒரு விஷயம் போச்சுன்னா போச்சு. வெட்டுனாலும் வெளிய வராது" என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிச் சொல்லியே அந்தப் பெயரை நிலைக்க வைத்துவிட்டாள்.

பெட்டகத்துக்கு அங்கே ரிப்போர்ட் டைப் செய்யும் வேலை. டாக்டரம்மா படங்களைப் பார்த்துப் பேசிப் பதிவு செய்துவிட்டுப் போவார். இவள் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு அதைக் கேட்பாள். தட்டுவாள், அச்செடுப்பாள், உறையில் போட்டு ஒட்டுவாள். ஒட்டிய இடத்தின்மேல் டேப்பும் ஒட்டுவாள். ஊரில் பாதிப் பேருடைய ஈரலும் இதயமும் அவள் விரல் வழியாகத்தான் காகிதத்துக்கு வந்தன. தெருவில் எதிரே வருகிறவர் சிரித்தால், இவளும் சிரிப்பாள். அவர் வயிற்றுக்குள் என்ன வளர்கிறது என்பது அவருக்கு முன்பே இவளுக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பாரத்தோடு சிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று நினைத்துப் பாருங்கள். புருஷனிடம்கூட மூச்சு விடமாட்டாள். அவர் ஏசி மெக்கானிக். ஒருமுறை, "நம்ம மாடி வீட்டுக்காரர் உங்க சென்டருக்கு வந்தாராமே, என்னவாம்?" என்று கேட்டார். "நேத்து வச்ச குழம்பு இருக்கு, சுட வைக்கட்டுமா?" என்றாள் இவள். அதற்குப் பிறகு அவர் கேட்பதையே விட்டுவிட்டார்.

பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் அப்பா போய்விட்டார். அம்மா சட்டைகளுக்குப் பொத்தான் தைத்து இவளை டைப்பிங் வகுப்புக்கு அனுப்பினாள். அந்த நாளில் கற்ற விரல் வேகம்தான் இன்றுவரை சோறு போடுகிறது. கல்யாணமாகி வந்தபோது நாத்தனார் இரட்டைச் சடை போடுகிற சிறுமி. சடை பின்னி விட்டவள் அண்ணிதான். அந்தச் சிறுமி வளர்ந்து, புகுந்த வீடு போய், ஒரு மழைநாளில் ஒற்றைப் பெட்டியோடும் வீங்கிய மணிக்கட்டோடும் திரும்பி வந்து வாசலில் நின்றாள். அண்ணி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெட்டியை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, துண்டை எடுத்து அவள் தலையைத் துவட்டினாள். அவ்வளவுதான். அந்த மௌனத்துக்காகவே நாத்தனார் அவளைத் தெய்வமாக நினைத்தாள்.

பிறகு அண்ணியின் சிபாரிசில் ரிசப்ஷன் வேலை கிடைத்தது. நாத்தனாருக்கோ வாய் ஓயாது. வந்தவரின் ஊர், உறவு, உப்பு, புளி எல்லாம் விசாரிப்பாள். பயந்துபோய் வருகிறவர்கள் அவள் பேச்சைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே ஸ்கேன் அறைக்குள் போவார்கள். அவளுக்கு அங்கே பெயர் ஸ்பீக்கர்.

"அடியே ஸ்பீக்கர், கொஞ்சம் சவுண்டைக் குறை, உள்ள பேஷண்ட் மூச்சை அடக்கிட்டு இருக்காரு" என்பார் எக்ஸ்ரே எடுப்பவர்.

"நான் பேசினாத்தான் சார் அவரு மூச்சே விடுவாரு" என்பாள் நாத்தனார்.

ரிப்போர்ட் அறைக் கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் கிடையாது. டாக்டரம்மாவின் கண்டிப்பான உத்தரவு அது. "வெளி உலகத்தோட அதுக்கு எந்த ஒட்டும் உறவும் கூடாது" என்பார். பெட்டகத்துக்கு அது போதவில்லை. நாத்தனார் உறைகளை எடுக்க அடிக்கடி உள்ளே வருவாள், வந்தவள் பின்னால் நின்று தொணதொணப்பாள். திரையில் இருப்பது கண்ணில் பட்டால், அந்த வாய் சும்மா இருக்குமா? அண்ணி ஒரு நாள் திரையைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்து, தானும் மேஜைக்கு மறுபக்கம் போய் உட்கார்ந்தாள். இனி வாசலில் நிற்பவர் கண்ணுக்குத் திரையின் முதுகுதான் தெரியும். ஆனால் கீபோர்டின் வயர் அவ்வளவு தூரம் எட்டவில்லை.

பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஜெராக்ஸ் கடை. கடைக்காரரிடம் யோசனை கேட்டாள்.

"வயரே இல்லாத கீபோர்டு வந்திருக்குக்கா. பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில சல்லிசாத் தர்றான். நானும் ஒண்ணு வாங்கியிருக்கேன். நகம் அளவுக்கு ஒரு ரிசீவர் இருக்கும், அதைச் சொருகினா போதும். மடியில வச்சுக்கிட்டு ராணி மாதிரி தட்டலாம்."

டாக்டரம்மாவிடம் கேட்கவில்லை. கீபோர்டுக்கெல்லாமா கேட்பார்கள்? சொந்தக் காசில் வாங்கிச் சொருகினாள். மடியில் வைத்துத் தட்டிய முதல் நாள், எவருக்கும் எதுவும் தெரியாதபடி செய்துவிட்டோம் என்று அவளுக்கு அப்படி ஒரு நிம்மதி.

அதற்குப் பிறகுதான் ஊரில் பேச்சு கசியத் தொடங்கியது.

முதலில் தையல்காரரின் சிறுநீரகக் கல். அவர் சிரித்துக்கொண்டே வந்து, "என்னம்மா ஸ்பீக்கரு, என் கல்லை ஊர்வலமா விட்டுட்ட போல" என்றார். நாத்தனார் நெஞ்சில் கை வைத்துச் சத்தியம் செய்தாள். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு வந்தார் வேன் டிரைவர்.

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். இருமலுக்காக நெஞ்சுப் படம் எடுத்துக்கொண்டு போனவர். ஒட்டிய உறையை அப்படியே கையில் பிடித்தபடி ரிசப்ஷன் முன்னால் வந்து நின்றார். கூடவே அவருடைய மனைவி.

"இந்தக் கவரை நான் இன்னும் பிரிக்கலை. பாருங்க, டேப்பு அப்படியே இருக்கு. காலையில முதலாளி சாவியை வாங்கிக்கிட்டாரு. நுரையீரல்ல நிழல் இருக்காமே, பிள்ளைங்க ஏறுற வண்டின்னு சொன்னாரு. எனக்கே தெரியாதது அவருக்கு எப்படிம்மா தெரியும்?"

குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். அவர் மனைவிதான் நாத்தனாரை நேருக்கு நேர் பார்த்து, "உன் வாய்க்கு என் குடும்பந்தான் கிடைச்சுதா? நீ நல்லா இருப்பியா?" என்று கேட்டாள். காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

டாக்டரம்மா எல்லோரையும் ரிப்போர்ட் அறைக்குள் கூப்பிட்டு விசாரித்தார். கடைசியாகப் பெட்டகத்திடம் திரும்பினார்.

"நீ சொல்லு. இந்த அறையை விட்டு விஷயம் எப்படிப் போச்சு?"

அவள் தலை குனிந்தாள். "அது என் கையிலிருந்து போகலை டாக்டர்."

அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. பெட்டகத்தின் கையிலிருந்து போகவில்லை என்றால், அந்த அறைக்குள் வந்து போகிறவள் வேறு யார்? எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. நாத்தனார் அண்ணியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "என் பாப்பா அப்படிச் செய்யமாட்டா" என்ற ஒரே ஒரு வரிக்காகக் காத்திருந்தாள். அந்த வரி வரவில்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார் டாக்டரம்மா. நாத்தனார் கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

வீட்டில் அன்றிலிருந்து அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். கோபமாக இருந்தால் பாத்திரமாவது சத்தம் போடும். இது வேறு. கேட்டால் தலையசைப்பாள், சாப்பிட்டதும் எழுந்து போவாள். துணி மடித்துப் பெட்டியில் அடுக்கும் ஒரு கம்பெனியில், யாரோடும் பேசத் தேவையில்லாத வேலைக்குப் போனாள். வேலை முடிந்து வந்த அண்ணன் ஒரு நாள் கூடத்தில் நின்று காதைத் தீட்டிப் பார்த்துவிட்டு, "வீடா இது? பூட்டின கடை மாதிரி இருக்கு" என்றார். மனைவி அடுப்படிக்குப் போய்விட்டாள். செய்தது சரிதான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். தினமும் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது என்பதுதான் சங்கடம்.

இப்படி இருக்கையில் ஒரு மத்தியானம். யாரோ ஒருவருடைய வயிற்று ஸ்கேன். "வலது சிறுநீரகம் இயல்பான அளவில் உள்ளது" என்று தட்டி முடித்தாள். பதிவில் அடுத்த வரி தெளிவாக இல்லை. கையை எடுத்து ஹெட்போனைச் சரி செய்தாள்.

திரையில் எழுத்துகள் ஊர்ந்தன.

வலது சிறுநீரகம் இயல்பான அளவில் உள்ளது. வீடு வாடகைக்கு. தண்ணீர் வசதி உண்டு.

அவள் இரண்டு கைகளையும் தூக்கிப் பார்த்தாள். மடியிலிருந்த கீபோர்டை மேஜையில் வைத்துவிட்டு எழுந்தே நின்றாள். அப்போது பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து ஜெராக்ஸ்காரர் குரல்.

"தண்ணீர் வசதி போட்டாச்சு சார். அடுத்து?"

"சிறு குடும்பத்துக்கு மட்டும்னு போடுங்க."

அவள் கண்ணெதிரே, யாரும் தொடாத அந்தத் திரையில், 'சிறு குடும்பத்துக்கு மட்டும்' என்று ஒவ்வோர் எழுத்தாக விழுந்தது.

அவர் தட்டுவது இங்கே வருகிறது. அப்படியானால்…

கீபோர்டை மறுபடி மடியில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சோதித்துப் பார்க்கத்தான் வேண்டும். எதைத் தட்டுவது? நோயாளியின் பெயரையா? நெஞ்சில் நின்றது விரலுக்கு வந்தது. 'அவள் சொல்லவில்லை' என்று தட்டினாள்.

தடுப்புக்கு அப்பாலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது.

"வந்துருச்சு சார் எங்க ஆஸ்பத்திரிப் பேய்! பேட்டரி போட்டு இன்னைக்குத்தான் இந்தக் கீபோர்டை எடுத்தேன், உடனே ஆஜர் ஆயிருச்சு. என்ன எழுதுது பாருங்க. 'அவள் சொல்லவில்லை'யாம்! எவ சொல்லலையாம்? என்ன சொல்லலையாம்?"

வெளியே காத்திருந்தவர்களுக்குக்கூடக் கேட்டிருக்கும். அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

ஜெராக்ஸ் கடைக்குள் அவள் போய் நின்றபோது கடைக்காரருக்கு முதலில் புரியவில்லை. அவர் கம்ப்யூட்டரில் சொருகியிருந்த ரிசீவரைத் தொட்டுக் காட்டினாள். அவளுடையதும் அதே நிறம், அதே அளவு.

"அட! நீங்கதானாக்கா அது? என் கீபோர்டுல பேட்டரி தீர்ந்து ரொம்ப நாளாச்சு. பழைய வயர் கீபோர்டுலதான் ஓட்டிட்டு இருந்தேன். ரிசீவரைக் கழட்ட மறந்துட்டேன். அப்பப்போ எழுத்து தானா வந்து விழும். வைரஸ்னு நெனச்சேன். அப்புறம் பேரு, வயசு, ஈரல், நுரையீரல்னு வர ஆரம்பிச்சுது. சும்மா சொல்லக்கூடாது, நல்லாப் பொழுது போச்சு…"

"வேன் டிரைவர்?"

அவர் சிரிப்பு நின்றது. மேஜையில் கிடந்த பேப்பர்களை அடுக்க ஆரம்பித்தார்.

"வேன் முதலாளி இங்கதான் பில்லு அடிக்க வருவாரு. பேச்சுவாக்குல சொன்னேன். பிள்ளைங்க போற வண்டி பாருங்க… நான் என்ன திருடவா செஞ்சேன்? தானா வந்து விழுந்துச்சுக்கா."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா வர்றது நின்னுடுமே" என்று பழக்கதோஷத்தில் வேடிக்கையாக ஆரம்பித்தவர், பாதியிலேயே வாயை மூடிக்கொண்டார்.

அவள் போய்ச் சொன்னதும் டாக்டரம்மா கம்ப்யூட்டர் சர்வீஸ்காரரிடம் போனில் பேசினார். நல்ல கீபோர்டாக இருந்தால் தட்டுகிற எழுத்தைப் பூட்டி அனுப்புமாம். மட்டமானதில் பூட்டே கிடையாதாம். திறந்த போஸ்ட் கார்டு மாதிரி காற்றில் போகுமாம். ஒரே அச்சில் வார்த்த ரிசீவர் பக்கத்தில் இருந்தால் அதுவும் வாங்கிக்கொள்ளுமாம். இங்கே நடந்தது தற்செயல். வேண்டுமென்றே பிடிக்க நினைப்பவன் அதற்கென்று ஒரு கருவியோடு தெருவில் வண்டியை நிறுத்தி உட்கார்ந்தால் பாஸ்வேர்டு முதற்கொண்டு அள்ளிக்கொண்டு போகலாமாம். பலகைச் சுவரெல்லாம் அதற்கு ஒரு தடையே இல்லையாம்.

போனை வைத்துவிட்டு டாக்டரம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"இன்டர்நெட் வேண்டாம்னு கதவைச் சாத்தினேன். நீ கூரையைப் பிரிச்சு வச்சிருக்க."

அவள் கழற்றிக் கொண்டுவந்திருந்த ரிசீவரை மேஜைமேல் வைத்தாள்.

"சரி, இது வெளிய தெரிஞ்சா சென்டரை மூட வேண்டியதுதான். இன்னைக்கே வயர் கீபோர்டு மாத்து. உன் நாத்தனாரை மறுபடி வேலைக்கு வரச் சொல்லு. காரணம் எதுவும் சொல்ல வேண்டாம். டாக்டர் மனசு மாறிட்டாங்கன்னு சொல்லிடு."

வீடு போகிற வழியெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தையே பிடித்துக்கொண்டு நடந்தாள். டாக்டர் மனசு மாறிட்டாங்க. எவ்வளவு சுலபம்! நாத்தனாருக்கு வேலை கிடைக்கும், சென்டருக்குக் கெட்ட பெயர் வராது, பெட்டகமும் பெட்டகமாகவே இருக்கலாம்.

சாயங்காலம் அண்ணனும் தங்கையும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். பரிமாறிக்கொண்டே சொன்னாள்.

"பாப்பா, டாக்டர் உன்னை மறுபடி வரச் சொன்னாங்க."

நாத்தனார் நிமிர்ந்தாள். இத்தனை நாள் அணைந்து கிடந்த முகத்தில் ஒரு வெளிச்சம். அவள் பேசினாள்.

"அப்போ, சொன்னது யாருன்னு தெரிஞ்சிருச்சா அண்ணி?"

"யாராம்? எந்தப் பாவி?" என்றார் அண்ணன், பிசைந்த கையோடு.

"அது… ஏதோ மிஷின் கோளாறாம்."

சொன்ன நொடியில் தன் குரலே தனக்கு அருவருப்பாக இருந்தது அவளுக்கு.

"எந்த மிஷின்?"

கரண்டியைக் கீழே வைத்தாள். "என் மிஷின். என் கீபோர்டு. நான் தட்டினது எல்லாம் பக்கத்துக் கடைக் கம்ப்யூட்டர்ல விழுந்திருக்கு பாப்பா. தையல்காரர் விஷயம், வேன் டிரைவர் விஷயம், எல்லாமே. என் கையிலிருந்துதான் போயிருக்கு. டாக்டர் கேட்டப்போ என் கையிலிருந்து போகலைன்னு சொன்னேனே… என் கைதான்டி. என் கைதான்."

அழுதாள். நாத்தனார் அழவில்லை.

"அந்த வயர் இல்லாத கீபோர்டை ஏன் அண்ணி வாங்கினீங்க?"

"திரையைத் திருப்பி வச்சேன். வயர் எட்டலை."

"திரையை ஏன் திருப்பினீங்க?"

இதற்குத்தான் அவள் பயந்துகொண்டிருந்தாள். பொய் சொல்ல ஒரு கணம் இருந்தது. அந்தக் கணத்தைக் கடந்து போக விட்டாள்.

"நீ பார்த்துடுவியோன்னு."

நாத்தனார் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"கீபோர்டு கெட்டுப் போனதுக்கு உங்க மேல எனக்கு என்ன கோபம்? அது உயிரில்லாத சாமான்" என்றாள் நாத்தனார் மெதுவாக. "ஆனா அதை நீங்க சந்தேகப்படலை. என்னைத்தான் சந்தேகப்பட்டீங்க. எனக்குச் சடை பின்னி விட்டவங்க நீங்க. நான் லொடலொடன்னு பேசுவேன். அதுக்காக அடுத்தவங்க அழுகையை எடுத்து விப்பேனா? என் புருஷன் என்னை அடிச்சதை இந்தத் தெருவில ஒருத்தர்கிட்டயாவது நான் சொல்லி நீங்க கேட்டிருக்கீங்களா?"

உண்மைதான். அந்த ஓட்டை வாய்க்குள் எத்தனை விஷயங்கள் வெளியே வராமல் கிடந்தன என்று அண்ணி ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை. காலில் விழப் போனவளை நாத்தனார் தோளைப் பிடித்துத் தடுத்துவிட்டாள். அந்தப் பிடியில் பாசம் இருந்ததா என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது.

"நான் அங்க வேலைக்கு வரலை அண்ணி. ஆனா நீங்க எங்கிட்ட சொன்னா மட்டும் முடிஞ்சு போச்சா? என்னைத் திட்டிட்டுப் போனாங்களே, அந்த அம்மா. அவங்க இன்னும் என்னைத்தானே சபிச்சுக்கிட்டு இருப்பாங்க?"

"டாக்டர் யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு…"

"அது உங்க இஷ்டம்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் டிரைவர் வீட்டு வாசலில் நின்றார்கள். அவர் மனைவிதான் கதவைத் திறந்தாள். நாத்தனாரைப் பார்த்ததும் முகம் சிவந்தது.

"இன்னும் என்ன பாக்கின்னு வந்திருக்க? அது பழைய தழும்புதான், நோயே இல்லைன்னு பெரிய ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. ஆனா வண்டியை வேற ஆளுக்குக் கொடுத்துட்டாங்க. இப்போ சந்தையில மூட்டை ஏத்துறாரு. போதுமா? திருப்தியா?"

அண்ணி நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தாள். பேச்சென்றால் பிழைத்துக்கொள்வாளே, இவள் ஆரம்பித்தால் தேவலையே என்ற பழைய கோழைத்தனம். நாத்தனார் உதட்டை இறுக மூடிக்கொண்டு நின்றாள். அண்ணிக்காகப் பேச அவள் வரவில்லை.

உள்ளேயிருந்து டிரைவரும் வந்து மனைவிக்குப் பின்னால் நின்றார். தோளில் அழுக்குத் துண்டு.

"இவ சொல்லலைம்மா" என்றாள் அண்ணி. "நான்தான். தெரியாம நடந்தது. ஆனா இவமேல பழி விழுந்தப்போ தெரிஞ்சேதான் சும்மா நின்னேன்."

எல்லாவற்றையும் சொன்னாள். திரையைத் திருப்பியதை, கீபோர்டை, பக்கத்துக் கடையை. எதையும் மறைக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்த அந்த மனைவி பாதியிலேயே நாத்தனாரை ஒருமுறை பார்த்துவிட்டுப் பார்வையைத் தரைக்கு இறக்கிக்கொண்டாள்.

டிரைவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"இதை அந்த முதலாளிகிட்ட வந்து சொல்வீங்களா? நோய் இல்லைங்கிற ரிப்போர்ட்டை நான் காட்டினேன், நம்ப மாட்டேங்கிறாரு. நாலு பேர் பேசினது பொய்யாகுமான்னு கேக்குறாரு."

சொன்னால் ஊருக்கே தெரியும். வேலை போகும். பெயர் போகும். டாக்டரம்மாவின் முகத்தில் இனி விழிக்க முடியாது.

"வர்றேன்" என்றாள்.

"எப்போ?"

"இப்பவே போகலாம். கொஞ்சம் தள்ளிப்போட்டா எனக்குத் தைரியம் போயிடும்."

டிரைவர் சட்டையை மாட்டிக்கொள்ள உள்ளே போனார். அவர் மனைவி கதவை இன்னும் கொஞ்சம் அகலத் திறந்து, நாத்தனாரிடம் மட்டும், "உள்ள வந்து உக்காரும்மா" என்றாள். நாத்தனார் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். அண்ணி வாசலிலேயே நின்றாள். அவளை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. கூப்பிடாததில் நியாயம் இருப்பதாகவே அவளுக்கும் தோன்றியது.